அரசியல் செய்தித் தலைப்புகள் வாய்தவறி உண்மை சொல்லும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாதிரித் தலைப்புகளைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

சிரிக்க வைக்க வேண்டும் என்று யாரும் எழுதாமல், அச்சான பிறகு ஊரே சிரித்த தலைப்புகள். கூடவே, சிரிப்பு வராவிட்டாலும் எழுதியவர் மனதில் இருந்ததைக் காட்டிக்கொடுத்துவிட்ட தலைப்புகள். இரண்டுக்கும் மூலம் பெரும்பாலும் ஒன்றுதான். நேரம் நெருக்கும்போது, ஏற்கெனவே மனதில் முடிவு செய்து வைத்திருப்பதுதான் கைக்கு முதலில் வருகிறது. அரசியல் செய்தியில் இது கூடுதலாக நடக்கக் காரணம் உண்டு. யார் ஜெயிப்பார், யார் கோழை, யார் நம்ம ஆள் என்று செய்தி வருவதற்கு முன்பே எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது, செய்தி அறையில் இருப்பவர்களிடமும்தான். வெறும் எழுத்துப்பிழைகளை இங்கே சேர்க்கவில்லை. அவற்றில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

தலைப்பை எழுதுவது யார்? செய்திக்கு மேல் பெயர் போட்டிருக்கும் நிருபர்தானே?

பெரும்பாலும் இல்லை. நிருபர் செய்தியை அனுப்புகிறார். அதைச் சுருக்கி, திருத்தி, தலைப்புப் போடுவது டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர். சம்பவம் நடந்த இடத்துக்கு அவர் போயிருக்க மாட்டார். அவர் கண் முன்னால் இருப்பது செய்தியும், பக்கத்தில் மிச்சமிருக்கும் இடமும், கடிகாரமும். மூன்று காலம் (பக்கத்தின் செங்குத்துப் பத்தி) அகலத்துக்கு இத்தனை எழுத்துதான் என்றால், ஒரு வேற்றுமை உருபையோ ஒரு ‘எனக் கூறினார்’ஐயோ வெட்டித்தான் ஆக வேண்டும். தப்பான தலைப்புக்காக நிருபரைத் திட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, நம் ஊர்ப் பத்திரிகைகளில் டாக் எடிஷன் என்று ஒன்று உண்டு. தொலைதூர ஊர்களுக்கு லாரியிலும் ரயிலிலும் போக வேண்டிய பதிப்பு. அது இரவு சீக்கிரமே அச்சுக்குப் போய்விடும். நகரப் பதிப்பை நள்ளிரவு தாண்டியும் திருத்தலாம். அதனால் தேர்தல் முடிவு வரும் இரவில் ஒரே பத்திரிகை, ஒரே தேதியில், இரண்டு ஊர்களில் இரண்டு விதமான தலைப்போடு கிடைப்பது உண்டு. புகழ்பெற்ற தவறுகளில் பல இந்த முதல் பதிப்பில் நடந்தவை.

இதில் உலகப் புகழ் பெற்றது எது?

1948 நவம்பர் 3 தேதியிட்ட ‘சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்’ முதல் பக்கம்: ‘டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்’. முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் தேர்தல். ஜனநாயகக் கட்சியின் ஹாரி ட்ரூமன் பதவியில் இருந்தார். எதிர்த்து நின்றவர் குடியரசுக் கட்சியின் தாமஸ் டூயி, நியூயார்க் மாநில ஆளுநர். எண்ணி முடித்தபோது ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் வாக்குகள் (மாநிலவாரியாகக் கிடைத்து, அதிபர் யார் என்று தீர்மானிப்பவை), டூயிக்கு 189. மக்கள் வாக்கிலும் ட்ரூமன் 20 லட்சத்துக்கு மேல் முன்னால் இருந்தார். கடைசி ஓட்டு வரை இழுபறியாகப் போன தேர்தல் என்று சமாதானம் சொல்ல வழியில்லை.

அப்படியானால் எப்படி நடந்தது? சிகாகோ பத்திரிகைகளில் அச்சுக்கோப்பவர்கள் 1947 நவம்பரிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ட்ரிப்யூன் அவர்கள் இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தது. செய்தியைத் தட்டச்சு செய்து, அந்தத் தாளைப் புகைப்படம் எடுத்து, தகடாக்கி அச்சடித்தார்கள். இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். ஆகவே முதல் பதிப்பை வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னதாக முடிக்க வேண்டியிருந்தது. கிழக்கு மாநிலங்களிலேயே எண்ணிக்கை முழுசாக வராத நேரம் அது. நிர்வாக ஆசிரியர் ஜே. லாய் மலோனி, பத்திரிகையின் வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கை நம்பினார். ஹென்னிங் 20 ஆண்டுகளில் அதிபர் தேர்தல் கணிப்பில் ஒரே ஒரு தடவைதான் தவறியவர். அவர் டூயி என்றார். தலைப்பு போய்விட்டது.

அந்த வேலைநிறுத்தத்தின் பின்னால் 1947-இல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி என்ற தொழிலாளர் சட்டம் இருக்கிறது. தொழிற்சங்கங்களின் கையைக் கட்டிய அந்தச் சட்டத்தை ட்ரூமன் தன் அதிகாரத்தால் தடுத்தார், நாடாளுமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. அவர் வேண்டாம் என்ற சட்டத்தால் வந்த போராட்டம்தான் அவர் தோற்றதாகச் சொன்ன முதல் பக்கத்தை அவசரப்படுத்தியது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

முடிவுகள் மாறி வரத் தொடங்கியதும் அடுத்த பதிப்பில் தலைப்பை மாற்றி, இல்லினாய் மாநிலப் பதவிகளில் ஜனநாயகக் கட்சி வென்றதை மேலே கொண்டுவந்தார்கள். அதற்குள் சுமார் ஒன்றரை லட்சம் பிரதிகள் வெளியே போய்விட்டன. கடைகளிலிருந்தும் வீட்டு வாசல்களிலிருந்தும் திரும்ப எடுத்துவர ஆட்களை அனுப்பியும் எல்லாம் கிடைக்கவில்லை. நவம்பர் 4 அன்று வாஷிங்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ட்ரூமனின் ரயில் செயிண்ட் லூயிஸில் நின்றபோது ஒரு பிரதி அவர் கைக்கு வந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். அந்தப் படம்தான் இன்றும் சுற்றுகிறது. 25-ஆம் ஆண்டை ஒட்டி அந்த முதல் பக்கத்தைத் தகட்டில் பொறித்து அவருக்கே பரிசளிக்க ட்ரிப்யூன் திட்டமிட்டது. அதற்குள் 1972 டிசம்பர் 26 அன்று ட்ரூமன் காலமாகிவிட்டார்.

அப்படியானால் தப்பு வேலைநிறுத்தத்தால் வந்தது, அவ்வளவுதானே?

பாதிதான். சீக்கிரம் முடிக்க வேண்டிய கட்டாயத்தைத் தந்தது வேலைநிறுத்தம். டூயி என்ற பெயரைத் தந்தது வேலைநிறுத்தம் இல்லை. ‘முடிவு தெரியவில்லை’ என்றோ ‘வாக்கு எண்ணிக்கை தொடர்கிறது’ என்றோ அந்த நேரத்திலும் போட்டிருக்கலாம். ட்ரிப்யூன் டூயியை ஆதரித்த பத்திரிகை. ட்ரூமனை முட்டாள் என்ற பொருளில் தலையங்கத்திலேயே திட்டியிருந்தது. விரும்பியதும் எதிர்பார்த்ததும் ஒன்றாகச் சேர்ந்தபோது, எண்ணி முடிக்காத வாக்கு அவர்கள் கண்ணில் படவில்லை.

மற்ற பத்திரிகைகள் தப்பித்துக்கொண்டனவா?

தலைப்பில் தப்பித்தன, நினைப்பில் தப்பிக்கவில்லை. தேர்தலுக்கு முன்பு ‘நியூஸ்வீக்’ 50 அரசியல் எழுத்தாளர்களைக் கேட்டது. ஐம்பது பேரும் டூயி என்றார்கள். ‘லைஃப்’ இதழ் டூயி படகில் போகும் படத்தைப் போட்டு, அடுத்த அதிபர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைக் கடக்கிறார் என்று எழுதியது. பத்தி எழுத்தாளர்களான அல்சாப் சகோதரர்களின் பத்தி தேர்தலுக்கு அடுத்த நாள் வெளியானது. ட்ரூமனின் இடத்துக்கு டூயி வரும்வரை அரசாங்கம் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று அதில் கவலைப்பட்டிருந்தார்கள். எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தது. கருத்துக்கணிப்பாளர் எல்மோ ரோப்பர் செப்டம்பரிலேயே இனி எண்ணிப் பார்க்கத் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார். காலப் கருத்துக்கணிப்பு நிறுவனமும் கடைசி வாரங்களில் மக்களைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஒருவரைப் பார்த்து ஒருவர் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். ட்ரிப்யூன் பெரிய எழுத்தில் போட்டதால் அது மட்டும் மாட்டிக்கொண்டது.

தொலைக்காட்சியும் இணையமும் வந்த பிறகு இது குறைந்திருக்க வேண்டுமே?

மணிக்கணக்கில் இருந்த அவசரம் நிமிடக்கணக்காகச் சுருங்கியது, அவ்வளவுதான். 2000 நவம்பர் அதிபர் தேர்தலில் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் புளோரிடா மாநிலத்தை முதலில் அல் கோருக்குக் கொடுத்தன, பிறகு திரும்பப் பெற்றன. நள்ளிரவு தாண்டி ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கொடுத்தன, அதையும் திரும்பப் பெற்றன. நடுவில் அச்சுக்குப் போன சில பத்திரிகைகள் புஷ் வென்றார் என்று அறிவித்துவிட்டன. கோர் புஷ்ஷுக்குப் போன் செய்து தோல்வியை ஒப்புக்கொண்டு, சற்று நேரத்தில் மறுபடி போன் செய்து அதை வாபஸ் வாங்கினார். கடைசியில் அந்த மாநிலத்தில் புஷ்ஷுக்குச் சாதகமாக 537 வாக்கு வித்தியாசம் என்று நின்று, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போனது.

எனக்கு இதைவிடப் பாடம் தருவது 2012 ஜூன் 28. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரத்தின் கீழ் இந்தச் சட்டம் நிற்காது என்று முதலில் சொல்கிறது. கொஞ்சம் தள்ளி, வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் நிற்கும் என்கிறது. சிஎன்என்னும் ஃபாக்ஸும் முதல் பகுதியைப் படித்ததும் சட்டம் ரத்து என்று திரையில் ஓட விட்டன. வெள்ளை மாளிகையில் ஒபாமாவே முதலில் அந்தத் தவறான செய்தியைத்தான் திரையில் பார்த்தார். தீர்ப்பில் குழப்பம் எதுவும் கிடையாது. இன்னும் சில பக்கம் புரட்டியிருந்தால் போதும்.

வேண்டுமென்றே எழுதி, வேண்டாமல் அச்சான தலைப்பு ஏதாவது உண்டா?

உண்டு. இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1980 மார்ச் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துவது பற்றி உரையாற்றினார். மறுநாள் ‘பாஸ்டன் குளோப்’ அதற்கு ஒரு தலையங்கம் எழுதியது. எழுதியவர் கர்க் ஷார்ஃபன்பர்க். இடத்தை நிரப்ப, தனக்கும் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் மட்டும் தெரியட்டும் என்று ஒரு தலைப்பு வைத்தார். தமிழில் சொன்னால், ‘தொடைநடுங்கியின் வழவழா கொழகொழா’. அடுத்த கட்டத்தில் யாராவது மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தார். யாரும் மாற்றவில்லை. கவனித்து அச்சை நிறுத்துவதற்குள் 1,61,000 பிரதிகள் ஓடிவிட்டன. மீதிப் பிரதிகளில் ‘சுமையை எல்லோரும் பகிர வேண்டும்’ என்ற சாதுவான தலைப்பு வந்தது.

இதில் சிரிப்பைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. தலையங்கத்தின் முதல் வாக்கியம், கார்ட்டர் வலியுறுத்திய கட்டுப்பாடு அமெரிக்கர்கள் எல்லோருக்கும் நல்லது என்கிறது. அவர் பேச்சை நிதானமான பேச்சு என்றும் சொல்கிறது. கீழே மரியாதையான தலையங்கம், மேலே அதே மனிதரைப் பற்றி மேசைக்கு மேசை பேசிக்கொண்ட பேச்சு. பத்திரிகை அலுவலகத்தில் நிஜமாக என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது. கார்ட்டர் அந்த வருடத் தேர்தலில் ரீகனிடம் தோற்றார். அதற்குத் தலைப்புதான் காரணம் என்று சொல்வது அபத்தம். ஆனால் பலர் வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒரு வசவை அச்சில் ஏற்றியது அது.

டெஸ்க்கில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இதிலிருந்து ஒன்று சொல்வேன். தற்காலிகத் தலைப்பு என்று எதையும் விளையாட்டாகத் தட்டாதீர்கள். ‘தலைப்பு இங்கே’ என்று போடுங்கள். அது அச்சானாலும் யாருக்கும் காயம் இல்லை.

தலைவர் சொல்லாததைச் சொன்னதாகப் போட்ட தலைப்புகள்?

1975 அக்டோபர் 30, நியூயார்க் ‘டெய்லி நியூஸ்’: ‘நகரத்துக்கு ஃபோர்டு: செத்துத் தொலை’. நியூயார்க் மாநகராட்சி திவாலாகும் நிலையில் இருந்தது. முந்தின நாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, நகரத்தைக் கைதூக்கி விடும் எந்த மசோதா வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேசினார். செத்துத் தொலை என்று அவர் சொல்லவே இல்லை. பேச்சின் சாரம் அதுதான் என்று பத்திரிகை தீர்மானித்தது. அந்த வருடம் டிசம்பரிலேயே நகரத்துக்குக் கடன் கொடுக்கும் சட்டத்தில் ஃபோர்டு கையெழுத்திட்டார். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. 1976 தேர்தலில் நியூயார்க் மாநிலத்தின் 41 தேர்வாளர் வாக்குகளும் கார்ட்டருக்குப் போயின. அவை ஃபோர்டுக்குக் கிடைத்திருந்தால் அவரே மறுபடி அதிபர்.

இந்தத் தலைப்பு அற்புதமானது என்று பத்திரிகைக்காரர்கள் பலர் கொண்டாடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. பெயரையும் முக்காற்புள்ளியையும் போட்டு எழுதினால், அதை அவர் சொன்ன வாக்கியம் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். ‘நகரத்தைக் கைவிட்டார் ஃபோர்டு’ என்று எழுதியிருந்தால் அதே கோபம் வந்திருக்கும், பொய் வந்திருக்காது.

பத்திரிகை தன்னையே காட்டிக்கொடுத்த சம்பவம்?

பிரிட்டனின் ‘தி சன்’. 1992 ஏப்ரல் 9 பொதுத்தேர்தல் அன்று, தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கின் தலையை ஒரு மின்விளக்குக்குள் வரைந்து, இன்று இவர் ஜெயித்தால் பிரிட்டனை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று முதல் பக்கத்தில் போட்டது. கின்னக் தோற்றார், கன்சர்வேட்டிவ் கட்சி ஜெயித்தது. ஏப்ரல் 11 அன்று அதே பத்திரிகை, ஜெயிக்க வைத்ததே நாங்கள்தான் என்று கொச்சை ஆங்கிலத்தில் மார்தட்டியது. எழுதியவர்களுக்கு அது வெற்றிக் கொண்டாட்டம். படித்தவர்களுக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். இருபது வருடம் கழித்து, 2012-இல் பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவிசன் விசாரணையின் முன் ஆஜரான உரிமையாளர் ரூபர்ட் மர்டாக், அந்தத் தலைப்பு ரசனையற்றது, தவறானது என்றும், ஆசிரியர் கெல்வின் மெக்கன்சியைக் கடுமையாகக் கண்டித்ததாகவும் சொன்னார். பத்திரிகைகள் அரசியல்வாதிகளை எப்படி ஆட்டுவிக்கின்றன என்ற பேச்சு வரும் போதெல்லாம் இந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் தலைப்பு தப்பாக முடியுமா?

முடியும், அடிக்கடி நடக்கிறது. 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் அமெரிக்காவின் எல் பாசோ, டேட்டன் நகரங்களில் துப்பாக்கிச் சூடுகள் நடந்த பிறகு அதிபர் டிரம்ப் பேசினார். ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பதிப்பு, இனவாதத்துக்கு எதிராக ஒற்றுமை கோருகிறார் டிரம்ப் என்ற பொருளில் தலைப்பிட்டது. அப்படி அவர் பேசியது உண்மைதான். ஆனால் அவர் அதுவரை பேசி வந்ததும், துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி எதுவும் உறுதி தராததும் தலைப்பில் இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும், வெறுப்பைச் சாடினார், துப்பாக்கியைச் சாடவில்லை என்ற பொருளில் இரண்டாம் பதிப்பில் மாற்றினார்கள். முதல் தலைப்பு மோசமானது என்று ஆசிரியர் டீன் பாக்கே வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார். தலைவர் சொன்னதை அப்படியே மேலே தூக்கிப் போடுவது நடுநிலை ஆகாது. அது அவருடைய விளம்பர வேலையை நாம் செய்து கொடுப்பது.

தமிழ்ப் பத்திரிகைகளில் எப்படி?

நமக்கென்று தனி மொழியே இருக்கிறது. தாக்கு, விளாசல், சாடல், சரமாரி, ஆவேசம், பகீர், கறார், திட்டவட்டம். ஒரு சொல்லில் வாக்கியத்தை முடிக்கும் இந்தப் பழக்கம் இடத்தை மிச்சப்படுத்துகிறது. டீக்கடை வாசலில் தொங்கும் வால்போஸ்டரில் நாலு சொல்லுக்குமேல் இடம் கிடையாது என்பதும் இதை வளர்த்தது. சுருக்கம் தப்பில்லை. யாருக்கு எந்தச் சொல் போகிறது என்பதைப் பாருங்கள். ஒரே மாதிரிப் பேச்சுக்கு ஒரு தலைவர் ‘கர்ஜிப்பார்’, இன்னொருவர் ‘கூச்சல்’ போடுவார். ஒருவர் ‘விளக்கம்’ தருவார், மற்றவர் ‘மழுப்புவார்’. ஒரு கட்சியில் நடப்பது ‘ஆலோசனை’, அடுத்த கட்சியில் அதே நடந்தால் ‘உட்கட்சிப் பூசல்’. ஒரு மாதம் ஒரே பத்திரிகையின் தலைப்புகளில் உள்ள வினைச்சொற்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்தப் பத்திரிகை யார் பக்கம் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

சிரிப்பு வரவழைக்கும் வகையும் உண்டு. பெயரெச்சத்தை நீட்டிக்கொண்டே போனால் எது யாரைச் சேரும் என்று தெரியாமல் போகும். நான் அமைத்த ஓர் உதாரணம்: ‘குடிபோதையில் காவலரைத் தாக்கிய கவுன்சிலர் மகன் கைது’. போதையில் இருந்தது காவலரா, தாக்கியவரா? தாக்கியது கவுன்சிலரா, அவர் மகனா? தாக்கியது அப்பா என்றால் மகனை எதற்குப் பிடித்தார்கள்? ‘காவலர் மீது தாக்குதல்: கவுன்சிலரின் மகன் கைது’ என்றால் தீர்ந்தது.

ஆள் இல்லாத வாக்கியம் பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன?

செய்தவர் காணாமல் போகும் தலைப்பு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். இதை எப்படியெல்லாம் எழுதலாம் என்று பாருங்கள். ‘தூத்துக்குடியில் கலவரம்: 13 பேர் பலி’ என்றால் கலவரம் கொன்றது போல் இருக்கிறது. ‘துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி’ என்றால் துப்பாக்கி தானாகச் சுட்டது போல் இருக்கிறது. ‘போலீஸ் சுட்டு 13 பேர் பலி’ என்றால் நடந்தது தெரிகிறது. கடைசித் தலைப்பு நீளமும் இல்லை, இடமும் கேட்கவில்லை. அப்படியிருந்தும் முதல் இரண்டும் கைக்கு எளிதாக வருகின்றன என்றால், அந்த எளிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். அதிகாரி தரும் செய்திக்குறிப்பின் மொழியே இலக்கணமாக மாறி, எழுதுகிறவரின் விரலில் உட்கார்ந்துவிடுகிறது. இது சிரிக்கிற விஷயம் இல்லை. காட்டிக்கொடுக்கும் தலைப்புகளில் மிக முக்கியமான வகை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

உயிரோடு இருப்பவரை இறந்ததாக அறிவித்த சம்பவங்கள் உண்மையா?

உண்மை. 1979 மார்ச்சில் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் ஜெயப்பிரகாஷ் நாராயண் சிகிச்சையில் இருந்தபோது, அவர் இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையிலேயே அறிவித்தார். அவை ஒத்திவைக்கப்பட்டது, வானொலியும் அதைச் சொன்னது. ஜே.பி. உயிரோடு இருந்தார். அக்டோபர் 8 அன்றுதான் காலமானார். நாட்டின் பிரதமரே சொன்னதை எந்த டெஸ்க் சந்தேகப்படும்? மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பதும் உண்மை.

2016 டிசம்பர் 5 மாலை நம் கண் முன்னால் நடந்தது. முதல்வர் ஜெயலலிதா காலமானதாகச் சில தமிழ்ச் சேனல்கள் அறிவித்தன. அப்போலோ மருத்துவமனை உடனே மறுத்தது. அவர் அன்றிரவு 11.30-க்கு இறந்ததாக நள்ளிரவுக்குப் பிறகு அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். அந்த ஆறேழு மணி நேரம் தமிழ்நாடு எப்படி இருந்தது என்று நினைவிருப்பவர்கள், முந்திக்கொள்ளும் செய்தி என்ன செய்யும் என்பதை மறக்க மாட்டார்கள்.

முன்கூட்டியே எழுதி வைப்பதாலும் இப்படி ஆகுமா?

ஆகும். தலைவர்களின் இரங்கல் செய்திகளைப் பெரிய நிறுவனங்கள் முன்னாலேயே தயாரித்து வைப்பது வழக்கம். 2003-இல் சிஎன்என் இணையதளத்தின் இப்படிப்பட்ட வரைவுகள் வெளியே தெரிந்துவிட்டன. பிரிட்டன் ராஜமாதாவுக்காகச் செய்த பக்கத்தை மாதிரியாக வைத்து மற்றவர்களுக்கும் தயாரித்திருந்தார்கள். அதனால் அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி, பிரிட்டனின் செல்லப் பாட்டி என்று வர்ணிக்கப்பட்டிருந்தார். ரீகனுக்கு எழுதிய வர்ணனை ஒட்டிக்கொண்டு ஃபிடல் காஸ்ட்ரோ திரைப்பட நட்சத்திரமாகியிருந்தார். 2016-இல் ‘நியூஸ்வீக்’ பெயரில் ஹிலாரி கிளின்டனை அதிபர் என்று கொண்டாடும் சிறப்பிதழ் 1,25,000 பிரதிகள் கடைகளுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது. டிரம்புக்கும் ஓர் இதழ் தயார் செய்திருந்தார்கள். முதலில் அனுப்பியது எதை என்பதில்தான் அவர்கள் எதிர்பார்ப்பு தெரிகிறது.

புகழ்பெற்ற தலைப்புகளில் கட்டுக்கதைகளும் உண்டா?

நிறைய. 1815-இல் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து பாரிஸுக்குத் திரும்பியபோது ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை முதல் நாள் ‘அரக்கன் தப்பினான்’ என்று தொடங்கி, அவர் நெருங்க நெருங்க மரியாதையைக் கூட்டி, கடைசி நாள் ‘மாமன்னர் எழுந்தருளினார்’ என்று எழுதியதாக ஒரு கதை உலவுகிறது. ‘மோனிட்டர்’ பத்திரிகை என்று பெயரும் சொல்வார்கள். அன்றைய பத்திரிகைகளில் இப்படித் தலைப்பு வைக்கும் வழக்கமே கிடையாது. அரசுச் சார்புப் பத்திரிகைகளைப் பற்றிய நல்ல கிண்டல் அது, வரலாறு அல்ல. ஃபாக்லாண்ட் போர்க் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் ‘பிரிட்டிஷ் லெஃப்ட் வாஃபில்ஸ் ஆன் ஃபாக்லாண்ட்ஸ்’ என்ற ஆங்கிலத் தலைப்பும் அப்படித்தான். பிரிட்டன் இடதுசாரிகள் தடுமாறுகிறார்கள் என்றும், பிரிட்டிஷார் தின்பண்டத்தை விட்டுவிட்டுப் போனார்கள் என்றும் இரண்டு விதமாகப் படிக்கலாம். எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று யாரும் காட்டுவதில்லை. வாட்ஸப்பில் வரும் தமிழ்த் தலைப்புப் படங்களில் எழுத்துரு மாற்றி ஒட்டியவை ஏராளம். பத்திரிகை, தேதி, பதிப்பு மூன்றும் இல்லாமல் வருவதை நம்பாதீர்கள்.

இவற்றைப் பார்த்துச் சிரிப்பது அந்த ஊழியர்களுக்கு அநியாயம் இல்லையா?

இரவு ஒரு மணிக்கு நாலு பக்கம் பார்க்கும் ஒருவரின் கைத்தவறைப் பார்த்துச் சிரிக்கலாம், பெயர் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. நிர்வாகம் யோசித்து எடுத்த நிலைப்பாடு தலைப்பில் வந்தால், அதைக் கேள்வி கேட்பது வாசகரின் உரிமை.

தவறு வந்தால் பத்திரிகை என்ன செய்ய வேண்டும்?

எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில், என்ன தவறு, சரியானது என்ன என்று சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ 2006-இல் வாசகர் ஆசிரியர் என்ற பொறுப்பை உருவாக்கி, திருத்தங்களுக்கு நிரந்தர இடம் ஒதுக்கியது. இந்தியப் பத்திரிகைகளில் அது முன்மாதிரி. தமிழ் நாளிதழ்கள் எல்லாவற்றிலும் அப்படி ஓர் இடம் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எட்டு காலத்தில் போட்ட தப்பை உள்பக்கத்து மூலையில் இரண்டு வரியில் திருத்துவது திருத்தமே இல்லை.

இணையத்தில் சத்தமில்லாமல் தலைப்பை மாற்றிவிடுகிறார்களே, கண்டுபிடிக்க முடியுமா?

பல தளங்களில் முடியும். செய்தி முதலில் ஏறியபோது இருந்த தலைப்பின் சொற்கள் இணைப்பு முகவரியில் அப்படியே தங்கிவிடும். மேலே தலைப்பு மாறியிருக்கும், முகவரி பழையதைச் சொல்லும். கூகுள் தேடல் முடிவிலும் பகிர்ந்த இடங்களிலும் பழைய தலைப்பு சில மணி நேரம் நிற்கும். இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ தளத்தில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் வெவ்வேறு நேரத்தில் சேமித்த வடிவங்கள் கிடைக்கலாம்.

நானும் சேகரிக்கலாம் என்று இருக்கிறேன். எப்படித் தொடங்குவது?

அச்சுப் பத்திரிகை என்றால் தலைப்பை மட்டும் வெட்டாதீர்கள். பத்திரிகையின் பெயர், தேதி, எந்த ஊர்ப் பதிப்பு என்பது தெரியும்படி முழுப் பக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் இருக்கும் நண்பரிடம் அதே நாள் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மாற்றியிருந்தால் தெரியும். இணையம் என்றால் முகவரியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கையோடு காப்பகத் தளத்திலும் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். செய்தியின் உள்ளடக்கத்தையும் படித்து, தலைப்பு அதோடு பொருந்துகிறதா என்று ஒரு வரி எழுதி வையுங்கள். தேர்தல் முடிவு வரும் நாட்களில் டாக் எடிஷன், சிட்டி எடிஷன் இரண்டையும் வாங்கிவிடுங்கள். அடுத்த நாள் கேட்டால் கடைக்காரரிடம் இருக்காது.